கிளட்ச் ஸ்லிப் ஆகிறதா? கியர் பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி அதற்கேற்ற வேகம் எடுப்பதில்லை. ஏற்றத்தில் ஆர்.பி.எம். முள் துள்ளுகிறது. கொஞ்ச நேரத்தில் முடி கருகுவது போன்ற வாடை. இதைச் சொன்னதும் "கிளட்ச் போச்சு, செட் மாற்றணும்" என்ற பதில் வந்துவிடும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கேபிள் இறுக்கமாக இருப்பது, பெடல் முழுதாக மேலே வராமல் இருப்பது போன்ற வெளிக் கோளாறுகளாலும் இதே அறிகுறிகள் வரும். அவற்றைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் கால் மணி நேரமும் போதும். கிளட்ச் மாற்றவோ கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். அதனால் எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை முக்கியம்.

உள்ளே நடப்பது

எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது ஃபிளைவீல். அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கியிருப்பது பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவே, கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் பற்களில் கோத்து நிற்பது கிளட்ச் பிளேட். நாம் பெடலைத் தொடாதபோது பிரஷர் பிளேட்டில் உள்ள டயாஃப்ரம் ஸ்பிரிங் கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடித்திருக்கும். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் அந்த ஸ்பிரிங்கின் விரல்களைத் தள்ளும், பிடி விடும்.

ஆக, பிடி குறைய மூன்று வழிகள்தான் உண்டு. ஸ்பிரிங்கின் அழுத்தம் முழுதாகப் பிளேட்டின்மேல் விழவில்லை. அல்லது உராயும் பரப்பில் எண்ணெய் பட்டோ, வெந்து கண்ணாடி போலாகியோ வழுக்குகிறது. அல்லது பிளேட்டின் இருபுறமும் உள்ள உராயும் பொருளான லைனிங் தேய்ந்து, அழுத்திப் பிடிக்கத் தடிமனே மிச்சமில்லை. முதல் வகையைப் பல நேரம் வெளியிலிருந்தே சரிசெய்துவிடலாம். மற்ற இரண்டுக்கும் கியர் பாக்ஸ் இறங்கியாக வேண்டும்.

முதலில், இது ஸ்லிப்தானா?

புதிதாகக் கற்பவர்கள் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். கிளட்ச் பிடிக்காமல் வழுக்குவது ஸ்லிப். பெடலை முழுதாக மிதித்தும் கிளட்ச் விடுபடாமல் இருப்பது அதற்கு நேர் எதிரான கோளாறு. ஃபர்ஸ்ட் கியரோ ரிவர்ஸோ விழ மறுப்பதும், கரகரவென்று சத்தம் போடுவதும் அந்த இரண்டாவது வகை. ஹைட்ராலிக் லைனில் (கேபிளுக்குப் பதில் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் கிளட்சை இயக்கும் குழாயில்) காற்று புகுந்தாலும், அந்த ஆயில் குறைந்தாலும் வருவது இதுதான். ஸ்லிப் ஆகும் வண்டிக்கு 'பிளீடிங் பண்ணிப் பார்ப்போம்' என்று காற்று எடுப்பதில் பயனில்லை. லைனில் காற்று இருந்தால் பேரிங்கைத் தள்ளும் தூரம்தான் குறையும். பிளேட்டை ஸ்பிரிங் பிடிக்கும் பிடி குறையாது.

கிளம்பும்போது வண்டி உதறுவது இன்னொரு ரகம். லைனிங்கில் எண்ணெய் பட்டதும் அதற்கு ஒரு காரணம் என்பதால் ஸ்லிப்போடு சேர்ந்தும் வரலாம். எஞ்சின் மவுண்டிங் தளர்ந்திருந்தாலும் உதறும்.

இழுவை குறைந்த வண்டியையும் ஸ்லிப் என்று சொல்லிவிடுவார்கள். ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ கோளாறு, பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது என எது இருந்தாலும் வண்டி மந்தமாகத்தான் போகும். ஆனால் அப்போது ஆர்.பி.எம்.மும் வேகமும் ஒன்றாகவே மந்தமாக ஏறும். ஸ்லிப்பில் ஆர்.பி.எம். முந்திக்கொண்டு ஓடும். வேறுபாடு அவ்வளவுதான்.

ஓட்டிப் பார்க்கும் முறை

மழை இல்லாத நாள், காய்ந்த சாலை, முன்னும் பின்னும் வண்டிகள் இல்லாத நேர்த் தடம். லேசான ஏற்றமாக இருந்தால் இன்னும் நல்லது. ஈரச் சாலையில் சக்கரம் வழுக்கினாலும் முள் துள்ளும் என்பதால் அங்கே சோதிப்பது வீண்.

எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும்வரை பத்து நிமிடம் சாதாரணமாக ஓட்டுங்கள். பிறகு நான்காவது கியரில் மணிக்கு 50 கிலோமீட்டரில் சீராகப் போங்கள். கிளட்ச் பெடலிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை ஒரே மூச்சில் தரைவரை மிதியுங்கள். நல்ல கிளட்சில் முள் வேகத்தோடு சேர்ந்து நிதானமாக ஏறும். வழுக்கும் கிளட்சில் 500, 1000 என்று சட்டெனத் தாவி அங்கேயே நிற்கும். பின்னால் வேகம் மெல்ல வந்து சேரும். ஆக்சிலரேட்டரை விட்டதும் முள் மறுபடி இறங்கிப் பழைய இடத்தில் உட்காரும்.

ஏன் நான்காவது கியர் என்று கேட்கலாம். சிறிய கியரில் எஞ்சின் சட்டென்று சுற்று ஏறிவிடும். அதிக முறுக்குவிசை தரும் கட்டத்தை நொடியில் தாண்டிவிடும். அந்த விசையில் ஒரு பங்கு ஃபிளைவீலையே முடுக்கப் போய்விடும். பெரிய கியரில் எஞ்சின் அதே கட்டத்தில் நீண்ட நேரம் முக்கிக்கொண்டிருக்கும், கிளட்ச் அவ்வளவு நேரமும் தாங்கியாக வேண்டும். தேய ஆரம்பித்த கிளட்ச் முதலில் டாப் கியரில் ஏற்றத்தில் வழுக்குவது இதனால்தான். டர்போ டீசலில் 1,800 முதல் 2,500 ஆர்.பி.எம்.முக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் முறுக்குவிசையின் உச்சம் இன்னும் மேலே, 4,000 பக்கம் இருக்கும். அதனால் மூன்றாவது கியரில் அதுவரை ஏற்றிப் பார்த்தால்தான் முடிவு சொல்லலாம்.

சந்தேகம் தீர ஒரு கணக்கு

கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கும்போது ஒரு கியரில் ஆர்.பி.எம்.முக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறவே முடியாது. நடுவில் இருப்பதெல்லாம் பற்சக்கரங்கள். உதாரணமாக நான்காவது கியர் விகிதம் 1.0, ஃபைனல் டிரைவ் 4.0, டயரின் ஒரு சுற்று 1.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் 3,000 ஆர்.பி.எம். சுற்றினால் சக்கரம் நிமிடத்துக்கு 750 சுற்று. 750 × 1.9 × 60 என்றால் மணிக்கு 85.5 கிலோமீட்டர். அதாவது மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 35 ஆர்.பி.எம்.

உங்கள் வண்டியின் விகிதங்கள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நான்காவது கியரில், சமதளத்தில், ஆக்சிலரேட்டரை மெல்லத் தொட்டபடி 60-ல் போகும்போது முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன வண்டியில் அது 2,100 அளவில் இருக்கும். இப்போது அதே கியரில் முழு ஆக்சிலரேட்டரில் 60-ஐக் கடக்கும்போது எவ்வளவு என்று பாருங்கள். 2,100 என்றால் கிளட்ச் பிடிக்கிறது. 2,600 என்றால் 500 சுற்று வழியிலேயே தொலைகிறது. ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூடவோ குறையவோ காட்டினாலும், இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் காட்டும் என்பதால் ஒப்பீடு கெடாது.

ஓட்டுபவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் டாஷ்போர்டைக் கைபேசியில் வீடியோ எடுத்தால் பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் இருந்தால் இரண்டு எண்களும் பதிவாகிவிடும். சில ஸ்கேனர்களில் வேகம் ஒரு நொடி தாமதித்து வரும், அதை மனதில் வையுங்கள்.

2,600-க்கு 500 என்றால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் எஞ்சின் 40 கிலோவாட் தருகிறது என்றால், ஏழெட்டு கிலோவாட் கிளட்சுக்குள்ளேயே வெப்பமாகிறது. 1,000 வாட் ஹீட்டர்கள் ஏழெட்டை ஒரு தட்டு அளவு இடத்துக்குள் எரிய விட்டது போல. கருகல் வாடை அங்கிருந்துதான் வருகிறது. இந்தச் சோதனையை இரண்டு முறைக்கு மேல் செய்ய வேண்டாம்.

நிறுத்தி வைத்துச் செய்யும் சோதனை

பலரும் முதலில் செய்வது இதை. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்னால் யாரும் நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வலது காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி, ஐடிலில் நான்காவது கியர் போட்டு, கிளட்சைச் சட்டென்று விடுங்கள். எஞ்சின் உடனே நின்றுபோக வேண்டும். முனகிக்கொண்டு ஓடினால் கிளட்ச் படுமோசம். ஆனால் நின்றுவிட்டது என்பதற்காகக் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஐடிலில் எஞ்சின் தரும் விசை மிகக் குறைவு, பாதி தேய்ந்த கிளட்ச்கூட அதைத் தாங்கும். ஆர்.பி.எம்.மை உயர்த்தி வைத்துக் கிளட்சை விடும் முறையும் உண்டு. புதியவர்களுக்கு அது வேண்டாம்.

பெடலைக் கையால் பாருங்கள்

இங்கேதான் பொறுமை வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, குனிந்து, கிளட்ச் பெடலை விரலால் மெல்ல அழுத்துங்கள். முதலில் சும்மா கொஞ்ச தூரம் தளர்வாக இறங்கி, பிறகு கனமாக வேண்டும். அந்தத் தளர்வுதான் ஃப்ரீ பிளே. காலால் மிதித்தால் இது தெரியாது. பெடலின் அருகே ஒரு ஸ்கேலை நிறுத்தி அளக்கலாம். கேபிள் வண்டிகளில் பொதுவாக 10 முதல் 25 மில்லிமீட்டர், ஹைட்ராலிக்கில் சில மில்லிமீட்டர் மட்டும். சரியான அளவு அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

ஃப்ரீ பிளே சுத்தமாக இல்லையென்றால், யாரோ எப்போதும் பெடலில் லேசாகக் கால் வைத்திருப்பது போலத்தான். ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங் விரல்களை விடாமல் அழுத்துகிறது, பிளேட்டின் மேல் விழ வேண்டிய அழுத்தம் குறைகிறது. கேபிள் வண்டியில் இது தானாகவே வரும். லைனிங் தேயத் தேய பிரஷர் பிளேட் ஃபிளைவீல் பக்கம் நகரும், ஸ்பிரிங்கின் விரல்கள் பேரிங்கை நோக்கி வெளியே வரும், தளர்வு குறைந்துகொண்டே போகும். கிளட்ச் பிடிக்கும் இடம் மேலே மேலே வருவதும் இதனால்தான்.

கேபிளின் ஃபோர்க் (ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் நெம்புகோல்) முனையிலோ பெடல் முனையிலோ ஒரு அட்ஜஸ்டர் நட் இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, கேபிள் லூசாகும் பக்கம் திருப்பி, தளர்வு சரியான அளவுக்கு வந்ததும் மறுபடி பூட்டுங்கள். பெடலைப் பத்துத் தடவை மிதித்துவிட்டுத் திரும்ப அளங்கள். அளவுக்கு மீறி லூசாக்கினால் கியர் விழாமல் அடம்பிடிக்கும். லூசாக்கியதும் ஸ்லிப் நின்றால் நல்லது. ஆனால் ஏற்கெனவே பல நாள் வழுக்க விட்டிருந்தால் லைனிங் பாதிக்கப்பட்டிருக்கும், சில நாளில் திரும்பி வரலாம். மரை முழுவதும் தீர்ந்தும் தளர்வு வரவில்லை என்றால் பிளேட் முடிந்துவிட்டது.

தானாக அட்ஜஸ்ட் ஆகும் கேபிள்களில் பெடலருகே பல்சக்கரம் போன்ற ராட்செட் இருக்கும். அது சிக்கிக்கொண்டால் கேபிள் எப்போதும் இறுகியே நிற்கும். கேபிளின் உள்கம்பி பிரிந்து உறைக்குள் உரசினாலும் இதே கதை: பெடல் சோம்பலாக மேலே வரும். கையால் அழுத்திச் சட்டென்று விட்டுப் பாருங்கள், டப்பென்று மேலே வந்து இடிக்க வேண்டும். மடிந்த கால் மிதியடி பெடலுக்குத் தடையாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஹைட்ராலிக் வண்டிகளில்

இவற்றில் தேய்மானத்தை, கியர் பாக்ஸ் பக்கம் ரிலீஸ் பேரிங்கை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் தானாகவே ஈடுகட்டிவிடும். அதனால் கிளட்ச் பிடிக்கும் இடம் மேலே வரவில்லை என்பதை வைத்து லைனிங் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

இங்கே தேட வேண்டியது லைனில் சிக்கிய அழுத்தம். பெடலை விட்டதும், பெடல் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஆயில் டேங்குக்குத் திரும்ப ஒரு சிறு துளை திறக்க வேண்டும். பெடலிலிருந்து அந்த சிலிண்டரைத் தள்ளும் புஷ் ராட் நீளமாக அட்ஜஸ்ட் ஆகியிருந்தாலோ, சீல் உப்பியிருந்தாலோ அந்தத் துளை மூடியே இருக்கும். லைனில் அழுத்தம் நிற்கும், எஞ்சின் ரூம் சூட்டில் ஆயில் விரிய இன்னும் ஏறும். காலையில் நன்றாக ஓடிய வண்டி அரை மணி நேரத்தில் வழுக்கத் தொடங்கினால் இதைச் சந்தேகப்படுங்கள்.

சோதிப்பது எளிது. ஸ்லிப் ஆகும் நேரத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஸ்லேவ் சிலிண்டரின் பிளீடர் நிப்பிளில் ஒரு குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, அரைச் சுற்று திறங்கள். யாரும் பெடலைத் தொடக் கூடாது. ஆயில் மெல்லக் கசிந்தால் கோளாறு இங்கே இல்லை. பீச்சி அடித்து, ஃபோர்க்கும் பின்வாங்கினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. நிப்பிளை மூடி, ஆயில் அளவைச் சரிசெய்து, ஓட்டிப் பாருங்கள்: ஸ்லிப் போயிருந்தால் மாஸ்டர் சிலிண்டரையும் புஷ் ராடையும் கவனித்தால் போதும். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும், பட்ட இடத்தை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இந்த அமைப்பில் எஞ்சின் ஆயிலோ வேறு மினரல் ஆயிலோ தவறுதலாக ஊற்றப்பட்டிருந்தால் ரப்பர் சீல்கள் உப்பிவிடும், எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதுதான்.

பெல் ஹவுசிங்குக்கு அடியில்

வண்டியை ஜாக்கியில் தூக்கினால் ஸ்டாண்ட் போடாமல் அடியில் போகாதீர்கள். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் பல வண்டிகளில் ஒரு சிறு துளையோ மூடியோ இருக்கும். அங்கே ஈரம் இருந்தால் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் தொட்டெடுத்து விரலுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். கறுத்து, வழவழவென்று இருந்தால் எஞ்சின் ஆயில்: கிராங்க் ஷாஃப்டின் பின் சீல். கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் கியர் ஆயில்: இன்புட் ஷாஃப்ட் சீல். தண்ணீர் போல மெலிதாக இருந்து, டேங்கில் பிரேக் ஆயிலும் குறைந்திருந்தால் பெல் ஹவுசிங்குக்குள்ளேயே இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகுகிறது. ஆயில் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடுவது வீண் வேலை. சூடேறியதும் உள்ளே ஊறியது வெளியே வரும்.

கியர் பாக்ஸ் இறங்கிய பிறகு

கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், எந்தக் கிளட்ச் தூசியும் நுரையீரலுக்கு நல்லதில்லை. ஈரத் துணியால் துடையுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

பிளேட்டில் ரிவெட் தலை லைனிங் பரப்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வெர்னியரின் பின்முனையால் அளங்கள். பல மேனுவல்கள் சொல்லும் குறைந்தபட்ச எல்லை 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும், பல இடங்களில் பாருங்கள். லைனிங் தடிமனாக இருந்தும் கண்ணாடி போல மின்னினால் அது வெந்துவிட்டது. ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் செய்கிற வேலை இது. ஃபிளைவீலிலும் பிரஷர் பிளேட்டிலும் நீலத் திட்டுகள், மயிரிழை வெடிப்புகள் இருக்கிறதா, ஸ்பிரிங் விரல்களின் நுனி எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பிளேட்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. ஆறு மாதத்தில் பேரிங் சத்தம் போட்டால் அதே கியர் பாக்ஸ் மறுபடி இறங்க வேண்டும். சந்தேகமான ஆயில் சீல்களையும் இப்போதே மாற்றிவிடலாம்.

புதுக் கிளட்சும் வழுக்குவது ஏன்

பெரும்பாலும் பொருத்தியவர் கையால். புதுப் பிரஷர் பிளேட்டில் துரு பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைக்காமல் மாட்டுவது, கிரீஸ் கையோடு லைனிங்கைத் தொடுவது, இன்புட் ஷாஃப்ட் பற்களில் கிரீஸை அப்பிவிடுவது. அந்தப் பற்களுக்கு மெல்லிய பூச்சுப் போதும். மிச்சம் சுழற்சியில் தெறித்து லைனிங்கில்தான் போய் விழும். பிளேட்டில் ஃபிளைவீல் பக்கம் எது என்று அச்சிட்டிருக்கும். திருப்பி மாட்டினால் கிளட்ச் சரியாக வேலை செய்யாது. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, சுற்றுக்குக் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் மேனுவல் சொல்லும் டார்க்கில் (இறுக்கும் விசை அளவில்) முடியுங்கள். ஒரு பக்கமாக இறுக்கினால் கவர் கோணிக்கொள்ளும்.

பலருக்குத் தெரியாத ஒன்று லேத் வேலையில் இருக்கிறது. சில ஃபிளைவீல்களில் லைனிங் உரசும் முகமும் பிரஷர் பிளேட் உட்காரும் முகமும் ஒரே மட்டத்தில் இருக்காது, நடுவே படி இருக்கும். உரசும் முகத்தை மட்டும் அரை மில்லிமீட்டர் கடைந்து எடுத்தால் அந்த அளவுக்குப் பிடி குறையும். பிரஷர் பிளேட் உட்காரும் முகத்தையும் அதே அளவு கடைந்தால்தான் பழைய இடைவெளி கிடைக்கும். டூயல் மாஸ் ஃபிளைவீலைப் (நடுவே ஸ்பிரிங்குகள் வைத்து இரண்டு பாகமாகச் செய்தது) பொதுவாகக் கடைவதில்லை. இரண்டு பாகங்களுக்கும் இடையிலான ஆட்டத்தை மேனுவல் எல்லையோடு ஒப்பிட்டு, தாண்டியிருந்தால் மாற்றுவார்கள்.

ஒர்க் ஷாப் வரை ஓட்டிப் போக

வழுக்குவதைத் தீர்மானிப்பது எஞ்சின் தரும் முறுக்குவிசை. டாப் கியரில் முக்க விடாமல் ஒரு கியர் குறைத்து, ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டு ஓட்டுங்கள். அதே வேகத்துக்குக் கிளட்ச் தாங்க வேண்டிய சுமை குறையும். சுமை ஏற்ற வேண்டாம், ஏற்றமான வழியைத் தவிருங்கள். வாடை வந்தால் ஓரம் கட்டி, நியூட்ரலில் போட்டு, பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு இருபது நிமிடம் ஆற விடுங்கள்.

புதுக் கிளட்ச் போட்ட பின் முதல் 500 கிலோமீட்டருக்கு முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம், லைனிங் ஃபிளைவீலோடு படிய அவ்வளவு தூரம் ஆகும். அதன் பிறகு நான்காவது கியரில் 60-ல் முள் நிற்கும் இடத்தை ஒரு முறை குறித்து, வண்டியின் சர்வீஸ் புத்தகத்திலேயே எழுதி வையுங்கள். அடுத்த தடவை சந்தேகம் வரும்போது ஒப்பிட அந்த எண் இருக்கும்.